நம்ம மருந்து, அந்த ஊர்ப் பாம்பு

பிகானேர் பக்கம்
ஜனவரி 18

அன்புள்ள செல்லிக்கு,

மாமா எழுதுவது. நான் நலம். நீயும் மகள் அமுலுவும் நலமாக இருக்க நம் குலசாமி கன்னியம்மா துணை. போனில் பேசினால் சண்டைதான் வருகிறது, கடுதாசி போடு என்றாய். போட்டுவிட்டேன்.

பத்து நாளில் பதினாறு சுருட்டை விரியன் பிடித்தேன். இந்தப் பாலைவன ஊர்ப் பாம்பின் விஷத்தை எடுத்துச் சோதிக்கத்தான் டாக்டரம்மா கீர்த்தி சாரண் என்னை வரவழைத்தார். நம்மூர்ச் சுருட்டை ஒன்றரைச் சாண் இருக்குமா? இங்கே ஒன்றரை முழம்! கூட வரும் பன்னாநாத் இந்த ஊர்ப் பாம்பாட்டி. என் குச்சியைப் பார்த்து, "அண்ணே, இது பாம்பு புடிக்கவா, பல்லு குத்தவா?" என்று சைகையிலேயே கேட்டுச் சிரிக்கிறான். எனக்கு அதுதான் கைப்பழக்கம்.

மாசிப் பௌர்ணமியில் அமுலு கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பே வந்து நிற்பேன். சத்தியம்.

உன்
ஏகாம்பரம்


செங்கல்பட்டு
ஜனவரி 26

அன்புள்ள மாமாவுக்கு,

செல்லி எழுதுவது. புடவை எடுத்தாயிற்று. மாப்பிள்ளை எத்திராஜின் அம்மா நேற்று வந்து, "கடற்கரையில கன்னியம்மாவுக்கு மணல்ல ஏழு படி கட்டி, பொண்ணு கையப் புடிச்சி அப்பன்காரன் நிக்கணும். அப்பத்தான் தாலி. உங்கூட்டுக்காரு வருவாரா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். வருவார் என்று அடித்துச் சொல்லியிருக்கிறேன். என் மானத்தை வாங்கிவிடாதே.

அந்தக் குச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டு நீளமாக ஒன்று வெட்டிக்கொள். கடித்தால் பத்து பாட்டில் விஷமுறிவு மருந்து ஏற்றிக்கொண்டு மறுநாளே வேலைக்குப் போகலாம் என்று இங்கே பேசும் திமிரை அங்கே பேசாதே.

இப்படிக்கு
செல்லி


பிகானேர் பக்கம்
பிப்ரவரி 4

செல்லிக்கு,

நலம். இங்கே பனி அதிகம். பாம்பு குறைவு. டிக்கெட் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

ஏகாம்பரம்


செங்கல்பட்டு
பிப்ரவரி 10

யோவ் மாமா,

எழுத்தெல்லாம் ஏன் கோணிக்கொண்டு கிடக்கிறது? இருபத்திரண்டு வருஷம் உன்னோடு வளை தோண்டியவள் நான். வலது கையில் கடி வாங்கியவன்தான் இடது கையால் எழுதுவான் என்று எனக்குத் தெரியாதா? போன் போட்டால் பன்னாநாத் எடுத்து இந்தியில் ஏதோ சொல்லிச் சிரிக்கிறான். அவன் சிரிப்பதால்தான் நீ உயிரோடு இருக்கிறாய் என்று நம்பிச் சோறு தின்றேன்.

மறைக்காமல் எழுது. எத்தனை பாட்டில்?

செல்லி


பிகானேர் பக்கம்
பிப்ரவரி 16

அன்புள்ள செல்லிக்கு,

முப்பத்தாறு.

குச்சிக்கு எட்டாத தூரம் என்று நினைத்தேன். அது எட்டிக் கட்டைவிரலைப் போட்டுவிட்டது. பத்து பாட்டில் ஏறியதும் நர்சிடம், "இந்த மருந்து செய்யப் பாம்பு புடிச்சி விஷம் குடுத்ததே எங்க ஆளுங்கதான். எங்களுக்கே சொல்றியா? பத்து போதும்!" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போனேன். வாயைக் கொப்பளித்தால் ரத்தம். பன்னாநாத் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தான்.

டாக்டரம்மா என் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, இருபது நிமிஷம் வைத்துக் கவிழ்த்தார். உறையாமல் தண்ணீராக ஓடியது. "சுருட்டைன்னு பேரு ஒண்ணுதான். ஊருக்கு ஊரு விஷம் மாறுது. உங்க ஊர் விஷத்துல செஞ்ச மருந்து இந்த ஊர்ப் பாம்புக்குச் சரியா கேக்கல. ஓடிப்போற ஆளா நீ?" என்று திட்டினார். நம் விஷம்தான் நாட்டையே காப்பாற்றுகிறது என்று எத்தனை முறை மார்தட்டியிருப்பேன்! வெட்கமாகிவிட்டது.

நாலாம் நாள் குழாயைக் கவிழ்த்தபோது ரத்தம் உறைந்து ஒரு சொட்டுகூட விழவில்லை. பக்கத்துக் கட்டிலில் பாம்புக்கடியோடு கிடந்த ஆடு மேய்க்கிற பெண் உட்பட வார்டே கைதட்டியது. ஆனால் இன்னும் மூன்று வாரம் ரயில் ஏறக்கூடாதாம். மாசிக்கு வர முடியாது. கல்யாணத்தை நிறுத்தாதே, என் தம்பி நிற்கட்டும். எழுதும்போதே அழுகை வருகிறது, செல்லி.

உன்
ஏகாம்பரம்


செங்கல்பட்டு
பிப்ரவரி 22

என் மாமாவுக்கு,

உன் கடுதாசியைப் பெரியவர்கள் நடுவில் படித்தேன். முப்பத்தாறு என்றதும் ஆளாளுக்குக் கடுதாசியை வாங்கிப் பார்த்தார்கள். அமுலு, "எங்கப்பா இல்லாம நான் தாலி கட்டிக்க மாட்டேன்" என்று எழுந்து போய்விட்டாள். மாசியை விட்டால் அடுத்த மாசிதான் என்றார்கள். நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது சம்பந்தியம்மாதான், நான் வாய்க்கு வாய் திட்டும் அதே சம்பந்தியம்மாதான், "இன்னாத்துக்கு அழுவுற? பௌர்ணமியும் மணலும்தான வேணும்? அந்த ஊருல இல்லாத மணலா?" என்றாள். ஒரு பெரியவர், "கடலு?" என்றார். "ஒரு குடத்துல மொண்டுகினு போவோம்!" என்றாள். கூட்டமே சிரித்துவிட்டது. எனக்கு அவள் காலில் விழத் தோன்றியது.

பதினோரு பேர் புறப்படுகிறோம். அதில் ஆறு பேர் நீளக் குச்சியோடு வருகிறார்கள். கல்யாணம் முடிந்ததும் அங்கேயே இருந்து, அந்த ஊர் மருந்துக்கு அந்த ஊர் விஷம் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவார்களாம். நானும்தான். டாக்டரம்மாவிடம் சொல்லிவை.

மேளக்காரரை அழைத்துவர முடியவில்லை. பன்னாநாத் மகுடி ஊதட்டும், பாம்பு வந்தால் பிடிக்க ஆள் இருக்கிறோம். நீ மட்டும் டீக்கடைக்கு ஓடாமல் கட்டிலிலேயே கிட. உன் கையைப் பிடித்துக்கொள்ள உன் மகள் ரயில் ஏறி வருகிறாள்.

உன்
செல்லி