அக்கா வீட்டுக்குப் போகாத எட்டு மாதம்

4 ஆகஸ்ட், திங்கள்

கிளினிக்கில் மூன்றாவது வகுப்பு. என் நோய்க்கு டாக்டர் வைத்த பெயர் பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு. அதற்கு வைத்தியம், சும்மா உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பதாம்! வகுப்பு நடத்தும் ராகினி, "கோபம் வந்தா, வருதுன்னு பாருங்க ஷரோன். நல்லது கெட்டதுன்னு சொல்லாதீங்க" என்கிறார். பத்து நிமிடமும் ஏர்கோனில் சொட்டிய தண்ணீரைத்தான் பார்த்தேன்.

எரிச்சல். ஆனால் விட முடியாது. போன கிறிஸ்துமஸில், சாப்பிட என்னைக் கடைசியாகக் கூப்பிட்டாள் என்று ரேச்சல் அக்காவின் கண்ணாடி அலமாரியை உடைத்தேன். அப்போது அவள் மாசமாக இருந்தாள். "நீ சரியாகுற வரைக்கும் இங்க வராத லா" என்றுவிட்டாள். பிள்ளைக்கு இப்போது மூன்று மாதம். நான் இன்னும் தூக்கவில்லை.

7 ஆகஸ்ட், வியாழன்

நான் கண்ணை மூடி உட்கார்ந்திருந்ததை அம்மா பார்த்துவிட்டார். "இதெல்லாம் நம்ம வேதத்துல இல்ல. செபமாலை சொல்லு." சரி, மாலையின் ஒவ்வொரு மணிக்கும் ஒரு மூச்சு. ஐந்தாவது மணியிலேயே, அக்கா எப்போ கூப்பிடுவா ஆண்டவரே என்று கெஞ்ச ஆரம்பித்துவிட்டேன்.

11 ஆகஸ்ட், திங்கள்

வகுப்பில் இதைச் சொன்னதும் ராகினி சிரித்தார். "செபத்துல கேளுங்க, தப்பில்ல. மூச்சைப் பாக்கும்போது மட்டும் எதையும் கேக்காம இருங்க."

கேட்காமல் இருப்பதா? நானா?

17 ஆகஸ்ட், ஞாயிறு

செங் வட்டாரத்தில் இருக்கும் என் தொழிற்சாலையில் ஓவர்டைம். சாப்பாட்டு நேரத்தில் அகதா சித்தி குடும்ப வாட்ஸ்அப்பில் படம் போட்டார். பிள்ளைக்கு ஞானஸ்நானம். இன்றைக்கு! அம்மா அடுத்த மாதம் என்றாரே. என்னை வேலைக்கு அனுப்பிவிட்டு எல்லோரும் பட்டு கட்டி நிற்கிறார்கள்.

போறேன். கோயில் வாசல்ல நின்னு கத்துறேன். என்னைப் பைத்தியம்னா நினைச்சீங்க? — குழுவில் தட்டினேன், அனுப்பவில்லை. கழிப்பறையில் போய் உட்கார்ந்தேன். நெஞ்சு எரியுது. அழுகை வருது, வருது... பார்த்துக்கொண்டே இருந்தேன். கோபம் போகவில்லை, கொஞ்சம் இறங்கியது. மணி அடித்ததும் வேலைக்குத் திரும்பினேன்.

18 ஆகஸ்ட், திங்கள்

அம்மாவோடு பேசவில்லை.

19 ஆகஸ்ட், செவ்வாய்

அக்காவுக்குப் போன் செய்தேன். நடந்ததை மட்டும் சொன்னேன். "படம் பாத்தேன்க்கா. ரொம்ப வலிச்சிச்சு. கோபமும் வந்துச்சு. வேலைய முடிச்சிட்டு வீட்டுக்குத்தான் போனேன்."

அக்கா அழுதாள். "பயமா இருந்துச்சு, ஷரோன். நான்தான் அம்மாவ அடுத்த மாசம்னு சொல்லச் சொன்னேன்."

24 ஆகஸ்ட், ஞாயிறு

அக்கா கூப்பிட்டாள். தங்கா பத்துவில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போனேன். அத்தான் வெளியே போயிருந்தார். மைலோ கலக்கிக் கொடுத்தாள். என் முகத்தைவிட என் கையைத்தான் அதிகம் பார்த்தாள். எழுந்து ஓடிவிடலாமா? உட்கார்ந்தே இருந்தேன்.

பிள்ளை சிணுங்கியது. தூக்கட்டுமா என்று நான் கேட்கவில்லை. அவளே கொண்டுவந்து என் மடியில் கிடத்தினாள்.

"கொஞ்சம் பாத்துக்க. குளிச்சிட்டு வர்றேன்."

குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.