பக்க மூடியில் நாம் போட்ட ஓட்டை

நேற்றுக் காலை நம் பழைய கம்ப்யூட்டரின் பக்க மூடியைக் கழற்றினேன். சூடேறிக் காய்ந்த தூசி வாசனையும், துடைப்பதற்காக மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வந்த ஸ்பிரிட் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறின. எதிர் நாற்காலியில் நீ இருக்கிறாய் என்றே நினைத்து, "அந்தத் துணிய எடுடி" என்று கையை நீட்டிவிட்டேன். நாற்காலி காலியாக இருந்தது. வாசலில் கட்டட ஓனர் நின்றுகொண்டிருந்தார்.

நல்ல மனிதர்தான், உனக்கே தெரியும். உன் அடக்கத்துக்கு வந்து, மண் போட்டு முடியும்வரை நின்றவர். ஆனாலும் நேற்று இப்படிச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதம்மா. கல்யாண வூட்டுக்காரங்க வந்து போற எடம். எறந்தவங்க பேரு வாசப் போர்டுல இருந்தா நாலு பேரு யோசிப்பாங்க. நாளைக்கு பெயின்டர வரச் சொல்லியிருக்கேன். உன் பேரு மட்டும் இருக்கட்டும். அப்டியே அந்தப் பழைய பொட்டியயும் காயலான் கடைக்குத் தூக்கிப் போட்டுடு."

உன் பேர் இனிக் கல்லறையில் இருந்தால் போதுமாம். நான் பிராசசரின் சூட்டை இழுக்கும் கூலரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்கத் துடைக்க அந்த வைகாசி மாதம்தான் கண்முன் வந்தது.

திண்டிவனத்தில் சிமெண்ட் ஷீட் போட்ட இந்த மாடி அறையில் நாம் இரண்டு பேரும் கல்யாண வீடியோ எடிட் செய்யத் தொடங்கிய புதிது. கண்டமங்கலத்துப் பெண் ஒருத்தியின் கல்யாணம். தாலி கட்டிய வாரத்திலேயே அவள் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அவள் சித்தப்பா வந்து உன் எதிரில் உட்கார்ந்தார். "அவரு வர்ற எடத்தையெல்லாம் தூக்கிடுங்கம்மா. நல்ல காரியத்துப் படம். போடும்போதெல்லாம் அழுதுக்கினு இருக்கணுமா?" என்றார். இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்ணே வந்தாள். புருஷனோடு துபாய்க்குக் கிளம்ப இருந்தாள். "எங்கப்பா ஒரு எடத்துலகூடக் கொறயக் கூடாதுக்கா" என்றாள். நீ என்னைக் கலந்துகொள்ளவே இல்லை. "ஒரு ஃப்ரேம்கூட வெட்ட மாட்டோம், நீ போ" என்றுவிட்டாய்.

சொல்வது சுலபம். படம் முழுவதையும் கோத்து ஒரே ஃபைலாக மாற்றக் கொடுத்தால் பாதியில் பிராசசர் கொதித்து, கம்ப்யூட்டர் தானாக அணைந்தது. மூடியைத் திறந்து போட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தோம். அப்போதும் அணைந்தது. பெட்டியோடு வந்த சின்ன ஃபேன் நம் ஷீட் கூரைக்கு எந்த மூலைக்கு?

விழுப்புரம் போனோம். கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரர் சிரித்தார். "ரெண்டு லேடீஸ் உக்காந்து டைப் அடிக்கறதுக்கு இன்னாத்துக்கும்மா பெரிய கூலரு? அதெல்லாம் கேம் ஆடற பசங்க மாட்றது. நீங்களா தொறந்து கைய வெச்சா வாரண்டி போயிடும். நான் பொறுப்பில்ல."

"பொறுப்ப நாங்க ஏத்துக்கினோம் சார். நீங்க அந்த ஷோகேசத் தொறங்க, ஜல்தியா. பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றாய். நான் உன் முழங்கையை இடித்தேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தகடு தகடாக அடுக்கிய அந்தக் கனத்த கூலரைப் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாய். பழைய ஃபேனை நான் திருகிக் கழற்றினேன். பிராசசர் மேல் அரிசி அளவு பேஸ்ட் வைக்கச் சொல்லி அட்டையில் படம் இருந்தது. நீயோ, ஆயுத பூசைக்கு நான் கரைத்து வைக்கும் சந்தனத்தை முந்திக்கொண்டு கீபோர்டுக்கு அப்புகிறவள். மல்லாட்டைக் கொட்டை அளவுக்கு எடுத்து விரலால் இழுத்துப் பூசிவிட்டாய். கூலரை அழுத்தியதும் நாலு பக்கமும் பிதுங்கி வழிந்தது. "இன்னாடி இது, குங்குமமும் வெக்கலாமா?" என்றேன். சிரித்துச் சிரித்து உனக்குப் புரையேறியது. எல்லாவற்றையும் துடைத்து மறுபடி வைத்தோம்.

பார்த்தால், மூடி மூடவில்லை. கூலர் அவ்வளவு உயரம். கடைக்காரரிடம் திரும்பிப் போகலாம் என்றேன். நீ மூடியின்மேல் டிபன் தட்டைக் கவிழ்த்து மார்க்கரால் வட்டம் போட்டாய். அதைத் தூக்கிக்கொண்டு கிரில் பட்டறைக்குப் போனோம். வெல்டர் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஏம்மா, எக்ஸாஸ்ட் ஃபேனா?" என்று கேட்டார். வட்டமாக வெட்டிக் கொடுத்தார். நீ கொசுவலையை ஒட்டினாய்.

மறுநாள் மதிய வெயிலில் பெட்டி அணையாமல் படம் கடைசிவரை ஓடி முடிந்தது. பந்தியில் இலை போட்டுக்கொண்டே கேமராவைப் பார்த்துச் சிரித்த அந்த அப்பா முழுசாக இருந்தார். நீ ஓட்டையில் கையை வைத்து, "சூட்ட உள்ளயே வெச்சிக்கினா பொட்டி நின்னுடும்டி. வெளிய வுடணும்" என்றாய்.

அது நினைவுக்கு வந்ததும் துணியைக் கீழே வைத்தேன். "அந்தப் பேர எடுக்கறதா இருந்தா என் பேரயும் சேத்து எடுத்துடுங்க சார். ரூமயும் காலி பண்ணிடறேன்" என்றேன். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. "உன் இஷ்டம்மா. ஆர்டர் வர்லன்னா என்ன கேக்காத" என்று ஓனர் இறங்கிப் போனார். வராவிட்டால் போகட்டும். யோசிக்கிற நாலு பேர் யோசித்துக்கொள்ளட்டும்.

பழைய பெட்டிக்கு வயசாகிவிட்டது, அது உண்மைதான். புது கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறேன். ஆனால் கூலர் நம்முடையதுதான். அதைப் பிடித்துக்கொள்ளும் கொக்கியை மட்டும் மாற்றி, அரிசி அளவு பேஸ்ட் வைத்துப் பொருத்தினேன். இதிலும் மூடி மூடவில்லை. வெல்டர் என்னைப் பார்த்ததும், "மறுபடியுமா?" என்றார். அதே டிபன் தட்டைத்தான் கொண்டுபோயிருந்தேன்.

இன்று பெயின்டர் வந்தார். ஏணியில் ஏறி நின்றுகொண்டு, "எந்தப் பேர அழிக்கணும்க்கா?" என்று கேட்டார்.

ரெண்டையும் பளிச்சென்று எழுதச் சொன்னேன், உன்னுடையதை முதலில். அவர் பிரஷ்ஷைப் பிடித்தபடி தயங்கினார். அவருக்கு விளங்கியதோ இல்லையோ, உனக்கு விளங்கும் என்றுதான் உரக்கவே சொன்னேன்: "ஒரு ஃப்ரேம்கூட வெட்ட மாட்டோம்."