கதவோரப் பலகைக்கு உன் கையெழுத்து

அன்புள்ள செவெரினுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அப்பாவும் நலம், அவருடைய முழங்கால் வலி எங்கள் இருவரையும்விட நலமாக இருக்கிறது. பெர்கனில் நீயும் கிங்காவும் பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா? போனில் நான் பாதி சொல்லும்போதே உனக்கு வேறு வேலை வந்துவிடுகிறது, அதனால்தான் கடிதம். இதை நடுவில் வெட்ட முடியாது பார்.

கடைக் கட்டடம் உன் பெயரில் இருப்பதால், கதவோரம் பலகை மாட்ட உன் சம்மதம் வேண்டும் என்று நகராட்சியில் சொல்லிவிட்டார்கள். நீயோ, "யூதர் பேரை நம்ம சுவத்துல எழுதினா நாளைக்கே எவனாவது வந்து வீட்டைக் கேப்பான், இதுல தலையிடாதம்மா" என்கிறாய். அத்தனை படித்து, கடல் தாண்டிப் போய், கறிக்கடை புரோனெக் இங்கேயே உட்கார்ந்துகொண்டு சொல்வதைத்தான் நீயும் சொல்கிறாய். அவனுக்காவது விமானச் செலவு மிச்சம்.

நடந்ததைக் கேள். சென்ற கோடையில் தலைநகரத்து அருங்காட்சியகம் ஒன்று வாத்தியார்களுக்கு ஒரு வாரம் வகுப்பு நடத்தியது. பழைய பிறப்புப் பதிவு, பள்ளிப் பதிவு, வியாபாரிகள் பட்டியல் இவற்றைப் புரட்டி, போருக்கு முன் அவரவர் ஊரில் வாழ்ந்த யூதர்களை வீடு வீடாகக் கண்டுபிடிப்பது எப்படி, பிள்ளைகளையும் அதில் பழக்குவது எப்படி என்று. நம் ஊரிலிருந்து சரித்திர டீச்சர் போகுமிவாவும் விளையாட்டு வாத்தியார் ரிஷார்ட்டும் போனார்கள். அவள் படிக்கப் போனாள், அவன் ஓட்டலில் நீச்சல்குளம் இருக்கிறதென்று போனான். திரும்பி வந்து, சதுக்கத்தில் ஒவ்வொரு வீட்டிலும் முன்பு இருந்தவர்களின் பெயரை மாணவர்களைக் கொண்டே எழுதி மாட்டலாம் என்று கிளம்பினார்கள். தலைமையாசிரியரிடம் ஓர் அறை கேட்டதற்கு, "ஒண்ணு ரெண்டு குடும்பம் இருந்திருக்கும், அதுக்கு ஒரு வகுப்பறையா?" என்றாராம். கடைக்குப் பின்னால் பெயின்ட் டப்பா அடுக்கியிருக்கும் அறையை நான் கொடுத்தேன். தர்மம் என்று நினைத்துக்கொள்ளாதே. பலகை இருந்தால் பார்க்க ஆள் வருவான், வருகிறவன் வெறுங்கையோடு போகமாட்டான். அப்புறம் போகுமிவா அந்த வியாபாரிகள் பட்டியலை என் முன்னால் விரித்தாள். இரும்பு, துணி, தோல், மாவு, மண்ணெண்ணெய், எந்தத் தொழிலைப் பார்த்தாலும் அவர்கள்தான். சதுக்கத்தில் மருந்துக்கடையும் மாதா கோயிலும்தான் நமக்கு. இதை ஒன்றிரண்டு குடும்பமாகச் சுருக்கிய தலைமையாசிரியர் கணக்கு வாத்தியார் என்பதை மறந்துவிடாதே.

நம் வீட்டுக்கான வாசகத்தை ரிஷார்ட் எழுதினான். "இங்கே ஹாயா ரோட்மன், மணமாகாதவள், முறைதவறிப் பிறந்த ஆறு பிள்ளைகளுடன் வாழ்ந்தாள். லெய்ப் ஷ்டெர்ன், இரும்புக் கடைக்காரர், வாடகைக்குக் குடியிருந்தார்." மறுநாள் காலை புரோனெக் கறி வெட்டிக்கொண்டே, "என்னக்கா, உங்க வீட்டு வாடகைக்காரன் நல்லா உழைச்சிருக்கான் போலிருக்கே" என்று தெரு கேட்கச் சிரிக்கிறான். நேரே பின்னறைக்குப் போனேன். ரிஷார்ட் என்னவென்றால், "பதிவுல அப்படித்தாம்மா இருக்கு, நானா எழுதினேன்?" என்கிறான். "ஏன்டா, பள்ளிப் பதிவைப் பாத்தியா, ஆறு பிள்ளையையும் பள்ளிக்கூடத்துல சேத்தப்போ தகப்பன்னு கையெழுத்துப் போட்டது யாரு? அந்த லெய்ப்தானே? வாடகைக்காரன் எவன்டா அதுக்கு வருவான்? உங்கம்மாவுக்குக் கல்யாணம் ரெண்டு தடவை, பதிவு ஆபீஸ்ல ஒண்ணு, கோயில்ல ஒண்ணு. ஆபீசுக்குப் போகாம இருந்திருந்தா உன்னையும் இப்படித்தான்டா எழுதியிருப்பான்" என்றேன். போகுமிவா உடனே அருங்காட்சியகத்துக்குப் போன் போட்டாள். அந்தக் காலத்தில் அவர்கள் குருவான ரப்பி முன்னால் மட்டும் நடந்த கல்யாணத்தை அரசாங்கம் கல்யாணமாகவே ஏற்காது, பிள்ளைகளைத் தாய் பெயரில் ஏற்றி அந்த அசிங்கமான சொல்லையும் போட்டுவிடுவார்கள், ஒரே பதிவை நம்பாமல் மற்றதோடு ஒத்துப் பாருங்கள் என்று முதல் நாள் காலையே சொன்னோமே என்றார்களாம். முதல் நாள் காலை இவன் குளத்தில் இருந்திருக்கிறான்.

இப்போது வாசகம் இதுதான்: இரும்பு வியாபாரி லெய்ப் ஷ்டெர்ன், மனைவி ஹாயா, பிள்ளைகள் ஆறு பேரும் பெயரோடு. மூத்தவன் ஃபிஷெல் சந்தை நாளில் பள்ளிக்கு வருவதில்லை என்று வாத்தியார் குறித்திருக்கிறார். எங்கே போயிருப்பான், கடையில் ஆள் வேண்டாமா? கடைசிப் பெண் கித்லாவுக்குக் கணக்கு நன்று, பாட்டு மோசம். நீ நின்று ஐஸ்கிரீம் சாப்பிட்ட அதே வாசற்படிதான் அவர்களுடையதும்.

யாராவது வந்துவிடுவார்கள் என்று பயப்படுகிறாய் அல்லவா. அந்தக் குடும்பத்தில் யாராவது பிழைத்திருக்கிறார்களா என்று கேட்டு போகுமிவா ஹைஃபாவுக்கு எழுதினாள், நியூயார்க்குக்கு எழுதினாள், அர்ஜென்டினாவுக்குக்கூட எழுதினாள். நாற்பத்திரண்டாம் வருடக் கோடையில் ஜெர்மன்காரர்கள் சதுக்கத்திலிருந்து எல்லாரையும் ரயிலடிக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள், அதற்குப் பிறகு எந்த ஊர்த் தாளிலும் இந்த எட்டுப் பெயரில் ஒன்றுகூட இல்லை. வீட்டைக் கேட்க ஆள் வேண்டுமே மகனே. நீ வந்துவிடுவார்களோ என்று தூக்கம் கெட்டுக் கிடக்கிறாய், நாங்கள் ஒருவராவது வரமாட்டாரா என்று தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

காய்ந்த காளான் அனுப்பியிருக்கிறேன், கிறிஸ்துமஸ் சூப்புக்கு வை, முன்னாலேயே தின்று தீர்த்துவிடாதே. பிள்ளைக்குக் கம்பளிக் காலுறை போடச் சொல். மாதா உங்கள் மூவரையும் காக்கட்டும், உனக்குக் கொஞ்சம் துணிச்சலும் தரட்டும். சம்மதப் படிவம் இதோடு இருக்கிறது, வாரத்துக்குள் வந்து சேர வேண்டும். அதில் உன் தகப்பனார் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது, அதைக் காலியாக விடாதே.

இப்படிக்கு, உன் அம்மா
லெயோகாடியா