இதயத்தை வலப்பக்கம் வரைந்தவனுக்கு

போன வெள்ளிக்கிழமை கோயிலில் சட்டையைக் கழற்றினேன். அத்தோடு என் மானம் போயிற்று.

அம்மனைத் தூக்கிச் சுற்றிவர ஓர் ஆள் குறைந்தது. "அண்ணே, ஒரு தோள் குடுங்க" என்று பூசாரி கூப்பிட்டதும், கூப்பிட்டாரே என்ற பெருமையில் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். மண்டபத்தில் பேச்சு நின்றது. என் வயிற்றில், தொப்புளை நடுவில் வைத்து, ஊதா மையில் ஒரு பெரிய கூட்டல் குறி. நான்கு கட்டத்திலும் இங்கிலீஷ் எழுத்து. விலாவுக்குக் கீழே குடை விரித்ததுபோல் ஒரு வளைவு. காலையில் மகள் வரைந்தது. அழிக்க மறந்துவிட்டேன்.

"ஆபரேஷனாண்ணே?" என்று ஒருவர் கேட்டார்.

"இல்ல லா, வேண்டுதலா இருக்கும்" என்றார் பக்கத்திலிருந்தவர்.

நான் "ஆமா" என்றேன். எதற்கு ஆமா என்று எனக்கே தெரியாது. அம்மன் இறங்குவதற்குள் சேதி கோலசிலாங்கூர் முழுக்கச் சுற்றிவிட்டது. மறுநாள் மூன்று வீட்டிலிருந்து, காயம் ஆறட்டும் என்று விரால் மீன் சூப் வந்தது. இல்லாத காயத்துக்கு மூன்று சட்டி சூப்பையும் நானே குடித்தேன்.

அந்த மை இன்னும் முழுதாகப் போகவில்லை. குனிந்தால் சட்டைக்குள்ளிருந்து மார்க்கர் வாசனை வருகிறது. அந்த வாசனை வந்தால் நீ வருகிறாய். நீ உயிரோடு இருந்திருந்தால் தர்ஷினி உன் வயிற்றில்தான் வரைந்திருப்பாள். முன்பெல்லாம் அப்படித்தானே? "மாமா மேல விலா எலும்ப எண்ணலாம்பா. உங்க மேல தேடணும்." இப்போது அவளுடைய தாதியர் படிப்பின் கடைசி வருடச் செய்முறைத் தேர்வுக்கு என் வயிறு பதவி உயர்வு பெற்றிருக்கிறது, வேறு ஆள் இல்லாததால்.

உன்மேல் எனக்கு எப்போதும் பொறாமைதான். இதை இப்போதுதான் எழுதுகிறேன், நீ திருப்பிக் கிண்டலடிக்க முடியாது என்ற தைரியத்தில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புகள் உனக்கு நினைவிருக்கும். முதல் வருடத்தில் அவளுக்கு உடற்கூறு தலைக்குள் ஏறவில்லை. யாருக்காவது சொல்லிக்கொடுத்தால்தான் மனத்தில் நிற்கும் என்று, மத்தியானத் தேநீருக்கு நம் இருவரையும் சமையலறை மேசையில் உட்காரவைத்தாள். ஐம்பது தாண்டிய இரண்டு மாணவர்கள். ஒருவன் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டி, இன்னொருவன் ஏர்கோன் ரிப்பேர்காரன். சரியான பதிலுக்கு ஒரு நட்சத்திரம். அட்டையில் ஒட்டுவாள்.

"உடம்புக்குள்ள பெரிய குழி ரெண்டு. முதுகுப் பக்கம் ஒண்ணு, அதுல மூளையும் தண்டுவடமும். முன்பக்கம் ஒண்ணு. அதுல மேல நெஞ்சுக்குழி, கீழ வயித்துக்குழி. ரெண்டுக்கும் நடுவுல ஒரு தடுப்பு, உதரவிதானம்."

நான் முந்திக்கொண்டேன். "லோரித் தலைக்கும் பின்னால உள்ள பெட்டிக்கும் நடுவுல இருக்கிற தகரம் மாதிரி!"

"தகரம் அசையாதுப்பா. இது அசையும். மூச்சு இழுத்தா இறங்கும், விட்டா ஏறும்."

நீ கண்ணை மூடி விலாவுக்குக் கீழே கையை வைத்து மெதுவாக மூச்சு இழுத்தாய். "இறங்குதும்மா" என்றாய், கோயிலில் பிரசாதம் வாங்கியவன் குரலில். உனக்கு நட்சத்திரம். எனக்குத் தகரம்.

உடல் சமநிலை என்ற பாடம் வந்த அன்று நான் தொலைந்தேன். வெளியே வெயிலோ மழையோ, உள்ளே எல்லாவற்றையும் ஓர் அளவில் வைத்துக்கொள்வது. சூடு ஏறினால் வியர்த்து இறக்குவது, குளிர்ந்தால் நடுங்கி ஏற்றுவது. அளவுக்கு வந்ததும் நிறுத்திக்கொள்வது. அவள் சொல்லி முடிக்கவில்லை, நீ மேசையைத் தட்டினாய். "தெர்மோஸ்டேட்!"

"மாமா! எங்க லெக்சரரும் இதையேதான் சொன்னாங்க!"

முப்பது வருடம் ஏணியில் ஏறி இறங்கிய தொழில் உனக்கு ஒரே நொடியில் லெக்சரர் பதவி வாங்கிக் கொடுத்தது. அதோடு விட்டாயா? என் தட்டைக் காட்டி, "உங்கப்பனுக்கு சென்சர் போச்சும்மா. மூணாவது தடவ சோறு போடுறப்பகூட ஆஃப் ஆக மாட்டேங்குது" என்றாய். இனிப்பு நீர் வியாதி உள்ளவனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா அது? அவள் சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கில் ஏறியது. வயிற்றெரிச்சல் எந்தக் கட்டத்தில் வரும் என்று நான் அவளிடம் கேட்டதே இல்லை. எனக்கே தெரியும். இடது மேல் கட்டம்.

எல்லாவற்றையும்விட, இதயப் பாடம். நாம் ஒன்றாய்ப் படித்த பள்ளியில், மூன்றாம் படிவப் பரீட்சையில் ஒரு மனிதன் படம் கொடுத்து இதயத்தை வரையச் சொன்னார்களே. முன் வாங்கில் இருந்த நீ உன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாய். இடது. தாளிலும் இடது பக்கமே வரைந்தாய். நான் உன்னைப் பார்த்து வரைந்தேன். வாத்தியார் தவறு செய்த உனக்கு ஓர் அடியும், தவறைப் பார்த்து எழுதிய எனக்கு இரண்டு அடியும் கொடுத்தார். எது தவறு என்று மட்டும் சொல்லவில்லை. தர்ஷினிதான் சொன்னாள். படத்தில் இருப்பவன் நம்மைப் பார்த்து நிற்கிறான். அவன் இடது நமக்கு வலது. "எப்பவும் பாக்கிறவங்க பக்கம் இல்ல மாமா, படத்துல இருக்கிறவங்க பக்கம்."

நீ நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டாய். "டேய்! அன்னைக்கு நாம அவன் வலது நெஞ்சுல வச்சிட்டோம்டா!" ஏதோ ஓர் ஆளைக் கொன்றுவிட்டதைக் கண்டுபிடித்தவன் மாதிரி. பிறகு சரியான பக்கம் வரைந்து காட்டினாய். நான் மறுபடியும் உன்னைப் பார்த்துத்தான் வரைந்தேன். இந்தத் தடவை அடி இல்லை. நட்சத்திரமும் இல்லை.

அந்த மேசையில்தான் அவள் இன்னொன்றையும் சொன்னாள். மருத்துவர்கள் அறுவை பழகுவதற்காக உடம்பைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த உடம்பை ஆசிரியர் என்றே அழைப்பார்கள். முதலில் வீட்டுக்கு வந்து, இவர் எப்படி வாழ்ந்தார் என்று கேட்டு எழுதிக்கொண்டு போய்த்தான் கத்தி எடுப்பார்கள். முடிந்ததும் தைத்து, உடுத்தி, திருப்பிக் கொடுப்பார்கள்.

"குளிர்லயா வைப்பாங்க? எத்தன டிகிரி?" என்று கேட்டாய். தொழில் புத்தி. அவள் தெரியாது என்றாள். நீ அட்டையில் இருந்த உன் நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "நான் குடுக்கிறேம்மா. பொண்டாட்டி பிள்ள இல்லாதவன். அக்கா கையெழுத்துப் போட்டாப் போதும்."

அவள் உன் கைமேல் தன் கையை வைத்தாள்.

அந்தக் கையைப் பார்த்துத்தான் நான் வாயைத் திறந்தேன். தர்மம், கல்வி, சேவை எதுவும் என் மண்டைக்குள் இல்லை. "எனக்கும் ஒரு ஃபார்ம் எடுத்துட்டு வா" என்றேன். உடனே அவளுடைய இன்னொரு கை என் கைமேல் வந்தது. உலகத்திலேயே பொறாமையால் உடல்தானம் செய்ய முன்வந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஃபார்மைக் கொடுக்கப் போகும் நாள் வந்தது. உன் அக்கா கலும்பாங்கிலிருந்து அடையாள அட்டையோடு வந்துவிட்டார். நான் லோரியில் கிளட்ச் போய்விட்டது என்று சேதி அனுப்பிவிட்டு, சாலையோரச் செண்டோல் கடையில் உட்கார்ந்திருந்தேன். தேங்காய்ப்பாலும் ஐஸும் மிதக்கும் இரண்டாவது கிண்ணம் ஓடிக்கொண்டிருந்தபோது உன் வேன் வந்து நின்றது. வேனில் அக்கா இருந்தார். நீ மட்டும் இறங்கி வந்து எதிரே உட்கார்ந்தாய். தாள் கிண்ணத்துக்கு அடியில் கிடந்தது. பெயர், முகவரி எல்லாம் எழுதியிருந்தேன். கையெழுத்து இடத்துக்குப் பக்கத்தில் சர்க்கரைப் பாகு வட்டமாய்ப் பதிந்திருந்தது.

"கிளட்ச் நல்லா இனிக்குதா?" என்றாய்.

"கிண்டல் பண்ணாதடா."

"என்னா பயம் சொல்லு."

"குளிரு. அப்புறம் இந்தத் தொப்ப. சின்னப் பிள்ளைங்க எல்லாம் சுத்தி நின்னு பாக்கும்." கரண்டியை வைத்துவிட்டு உண்மையையும் சொன்னேன். "செத்தா அன்னைக்கே நெருப்புல போயிடணும்டா எனக்கு. காத்துக்கிட்டுக் கெடக்க முடியாது."

நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கிண்ணத்தை நகர்த்தி, தாளை எடுத்து, கைக்குட்டையால் பாகைத் துடைத்து, நான்காய் மடித்து என் சட்டைப் பையில் வைத்தாய்.

"அவசரமில்லடா. நான் முன்னால போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்."

அன்று சாயங்காலம் தர்ஷினி வாசலிலேயே நின்றிருந்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தபோது நீ சொன்னாய்: "ரெண்டு பேரும் குடுத்தாச்சும்மா." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். நான் சொல்ல வேண்டிய பொய்யைக்கூட நீயே எனக்காகச் சொன்னாய். அதிலும் எனக்கு ஒரு பொறாமை.

அடுத்த வருடம் சுங்கை செம்பிலாங்கில் ஒரு மீன் கடையின் குளிரறையைச் சரிசெய்யப் போனாய். ஏணியிலிருந்து இறங்கி, "கொஞ்சம் உக்காந்துக்கிறேன்" என்றாயாம். அவ்வளவுதான். இதயம் என்றார்கள்.

நெருப்பு இல்லாமல் ஒரு சாவு வீட்டிலிருந்து திரும்பியது எனக்கு அதுதான் முதல் தடவை. குளிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் குழாயடியில் வெகுநேரம் நின்றேன்.

பிறகு நான்கு இளம் மருத்துவர்கள் உன் அக்கா வீட்டுக்கு வந்தார்கள். அக்கா என்னையும் வரச் சொல்லியிருந்தார். அவர்கள் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, உனக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும், எதற்குக் கோபம் வரும் என்று கேட்டார்கள். "ஊருக்கெல்லாம் ஏர்கோன் மாட்டினான், இவன் வீட்ல காத்தாடி" என்றார் அக்கா. நான் இதயம் வரைந்த கதையைச் சொன்னேன். அடி எண்ணிக்கையை மட்டும் மாற்றினேன். உனக்கு இரண்டு, எனக்கு ஒன்று. மன்னித்துக்கொள்.

உன்னைத் திருப்பிக் கொடுத்த நாளில் எல்லாரும் வெள்ளைக் கோட்டோடு வரிசையில் நின்று தலை குனிந்தார்கள். ஆசிரியரே, நன்றி என்றார்கள். மூன்றாம் படிவம் தேறாதவனே, உன்னை டாக்டர்கள் ஆசிரியர் என்று கூப்பிட்டார்கள். என்னை இந்த வயதுவரை லோரிக்காரர் என்பதற்குமேல் யாரும் கூப்பிட்டதில்லை. அன்று அழுதேன். பாதி உனக்காக. மீதி இதற்காக.

சுடுகாட்டில் நெருப்பு வைத்த பிறகு அந்த நால்வரில் ஒரு பெண் என்னிடம் வந்தாள். நம்ம தமிழ்ப் பிள்ளைதான். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அங்கிள், மாமாவோட இதயம் சரியான பக்கத்துலதான் இருந்துச்சு."

பக்கத்திலிருந்த தர்ஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கப்பாவும் சைன் பண்ணிட்டாரு" என்றாள். அந்தப் பெண் உடனே எனக்கும் தலை குனிந்தாள். சொல்லியிருக்கலாம். புகை கண்ணில் பட்டதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் ஐந்து நிமிடம் நன்றாக இருந்தது, அதையும் மறைக்க விரும்பவில்லை.

குளிர் எப்படி என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாய். இன்னும் சொல்லவில்லை. தாள் லோரியில், தலைக்குமேல் வெயில் தடுப்பில் செருகியிருக்கிறது. எஸ்டேட் செம்மண் சாலையில் வண்டி குலுங்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். மறுபடி உள்ளே தள்ளுவேன். இரண்டு தடவை பேனாவைத் திறந்திருக்கிறேன்.

இன்று சாயங்காலம் தர்ஷினி ஸ்பிரிட்டும் பஞ்சும் கொண்டுவந்து என் வயிற்றில் மிச்சமிருந்த கோடுகளைத் துடைத்தாள். கல்லீரல் இருக்கும் கட்டத்தை முடித்துவிட்டு இரைப்பைக் கட்டத்துக்கு வந்தபோது, தலை நிமிராமலே கேட்டாள்.

"அப்பா, ஒரு நாள் நம்ம வீட்டுக்கும் வருவாங்கல்ல, உங்களப் பத்திக் கேக்க. நான் என்னான்னு சொல்றது?"

"விரால் சூப் நல்லாக் குடிப்பாருன்னு சொல்லு."

"அப்பா..."

"எழுதிக்கச் சொல்லு லா. மூணு சட்டி."

அவள் சிரித்தாள். பஞ்சு குளிர்ந்தது. உடம்பு சிலிர்த்து, உடனே அடங்கிற்று. அவள் உன் கைமேல் வைத்த அதே கை இப்போது என் வயிற்றின்மேல் இருந்தது, என்னை நம்பிக்கொண்டு. ஒரு வாக்கியம் தொண்டைவரை வந்தது. சொல்லவில்லை.

நான் இன்னும் கையெழுத்துப் போடலம்மா.