உருளைக்கிழங்கு பீரங்கிக்கு இப்போ ஒரே ஆள்

ஆசை மச்சான் ஏழுமலைக்கு,

உன்னைத் தூக்கிக்கினு போன தோள் இன்னும் வலிக்குதுடா. ஊர்ல எவனைக் கேட்டாலும் சொல்வான், பாடையைத் தூக்கினது நான் ஒருத்தன்தான், மத்த மூணு பேரும் சும்மா கை வச்சிக்கினு வந்தாங்கன்னு.

நீ போயிட்டே, பன்னி போகலை. பொழுது சாய்ஞ்சா ஏரியில இருந்து ஏறி வந்து உன் வேர்க்கடலைக் கொல்லையைக் கிண்டிக்கினு இருந்துது. அதை விரட்ட நாம பிவிசி பைப்புல செஞ்சோமே உருளைக்கிழங்கு பீரங்கி, அதை நான் தனியா சுமந்துக்கினு அலையறேன். அது ரெண்டு ஆள் வேலை. நான் குறி பார்ப்பேன், நீ பின்னாடி பத்த வைப்பே. இப்போ ரெண்டுக்கும் நானே ஓடணும். முட்டி ஒத்துழைக்கலை.

முதல் நாள் சுட்டது ஞாபகம் இருக்கா? அந்தச் சத்தத்துக்குத் திருப்புலிவனம் கோயில் புறா மொத்தமும் கிளம்பிக் காஞ்சிபுரத்துல போய்க் குந்திக்கிச்சு. கிழங்கு ஆகாசத்துலயே வெந்து, தோல் உரிஞ்சி விழுந்துது. சொன்னா உங்க அக்கா நம்பறதில்லை. "எட்டாவதுல நின்ன மனுசனுக்கு ராக்கெட் ஒண்ணுதான் கொறச்சல்"னு சொல்றா. நான் எங்கடா நின்னேன்? வாத்தியாருக்கு அதுக்கு மேல சொல்லித்தர ஒண்ணும் இல்லை.

சேதிக்கு வரேன். உன் பொண்டாட்டி செல்வி கொல்லையை வித்துட்டு அவ அம்மா வூட்டுக்குப் போறேன்னு நின்னா. பிளாட் போடற புரோக்கர் வாசல்லயே கிடந்தான். "இந்தக் கடலை வூடு வந்து சேர்ந்தா இருக்கறேன் அண்ணா. பன்னி தின்னுட்டா கெளம்பிடுவேன்"னு சொல்லிட்டா. நான் சும்மா இருப்பனா? தினம் சுட்டேன். சுடச் சுடக் கொல்லை இன்னும் மோசமாச்சு. ஏன்னு எனக்கு விளங்கலை.

ஒரு நாள் அவளே வந்து வரப்புல நின்னா.

"இன்னா அண்ணா போட்டுச் சுடறே?"

"கிழங்குதான். வேற இன்னா?"

"சுட்ட கிழங்கு எங்க கீது?"

தேடினோம். ஒண்ணும் இல்லை. தோல்கூட இல்லை.

"நீ எங்க பன்னியத் தொரத்தினே? டமார்னு மணி அடிச்சி நாஷ்டாவுக்குல்ல கூப்பிட்டுக்கினு கீற!"

சொல்லிட்டுச் சிரிச்சா பாரு. நீ போனதுல இருந்து அவ சிரிச்சு நான் பார்க்கலை. அதனால மானம் போனதை நான் கண்டுக்கலை. அதுலயும் பாதி மானம் உன்னுதுதானே?

"அந்தச் சத்தத்துக்குத்தான வருது? ஏரிக்கு அந்தாண்ட போய்ச் சுடு"ன்னா. அன்னையில இருந்து சந்தையில கழிச்ச கிழங்கை ஒரு பையிலயும் பைப்பைத் தோள்லயும் போட்டுக்கினு, ஏரியைத் தாண்டி சீமைக்கருவேலங் காட்டுக்கு நடந்தேன். பன்னியெல்லாம் அங்க வந்துடுச்சு. கொல்லை தப்பிச்சுது.

ஆனா மச்சான், அந்தாண்ட சுட்டா அப்புறம் ஒரு பேச்சு சத்தம் இல்லை. நீ இருந்தா, "மாமா, பனைமரத்தைத் தாண்டிடுச்சு"ன்னு கத்திக்கினே ஓடுவே. எவ்வளவு தூரம் போச்சுன்னு இப்பல்லாம் நான் யார்கிட்டயும் ஏத்திச் சொல்றதில்லை. கேட்க ஆள் இல்லாம புளுகினா வாய்தான் வலிக்குது. உனக்கு அங்க யார் புளுகறாங்க?

முந்தாநாள் கடலை பிடுங்கினோம். செடிக்கு ஒரு கூடைன்னு வச்சுக்கோயேன். வாசல் பூரா காயுது. புரோக்கர் வந்தான். "கொல்லை குடுக்கறதில்ல"ன்னு சொல்லி அனுப்பிட்டா. அப்புறம் என்கிட்ட வந்து, "அடுத்த பட்டத்துக்கு விதைச்சாலும் காவலுக்கு வருவியா அண்ணா?"ன்னு கேட்டா. காலுக்குத் தைலம் தேய்ச்சிக்கினு இருந்தேன். முடியாதுன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரேன்னு வந்துடுச்சு.

அதனால உனக்கும் சொல்றேன். என் கால் நடக்கற வரைக்கும் உன் கொல்லையில விதை விழும். கால் நின்னுட்டா, எருமை மேல குந்திக்கினாவது போய்ச் சுடுவேன்.

உன் அக்கா புருஷன்,
கோவிந்தன் மாமா