கடலுக்கு இருபது நிமிடம்

3-2-2006, வெள்ளி

கடும் பனி. ஏழரை மணி வரை எதிர் ஆலையின் புகைபோக்கி கண்ணுக்குத் தெரியவில்லை. அரை நாள் விடுப்பு. நாளைய நிகழ்ச்சி நிரலை இறுதி செய்தேன்.

அக்காளும் மாமாவும் அரூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வந்து சேர்ந்தது பி.ப. 2.40. இருவரும் சென்னையைப் பார்த்ததில்லை. கடலைப் பார்த்ததில்லை. அக்காளுக்கு வயது ஐம்பத்தெட்டு. ஞாயிறு இரவுப் பேருந்தில் ஊர் திரும்புகிறார்கள்.

நிரலில் மொத்தம் 14 இடங்கள். அருங்காட்சியகம் 40 நிமி., கோட்டை 30, மயிலாப்பூர் கோயில் 35, சாந்தோம் தேவாலயம் 15 எனப் போகிறது. கடைசி, எண் 14: மெரினா, 20 நிமி. ஆளுக்கொரு பிரதி கொடுத்தேன். மாமா கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "ஏன் மாப்ள, இதுல சோறு எங்க இருக்குது?" எண் 8-ஐக் காட்டினேன்.

அக்காள் ஒன்றே ஒன்று கேட்டாள். கடலில் கால் வைக்க முடியுமா? அவள் மகன் சேகர் கப்பல் வேலைக்குப் போய்ப் பதினோரு மாதம். "அவன் இருக்கற தண்ணியில நானும் ஒரு தரம் நின்னுட்டுப் போயிடறேன் தம்பி."

சேகரின் கப்பல் இருப்பது அட்லாண்டிக். இங்கிருப்பது வங்கக் கடல். விளக்கினேன்.

"எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்துதான கெடக்குது?"

மாலையில் நிலப்படம் எடுத்துப் பார்த்தேன். சேர்ந்துதான் கிடக்கிறது.

(சேகரின் பயிற்சி விண்ணப்பத்தை நிரப்பியவன் நான். அக்காளை ஒப்புக்கொள்ள வைத்தவனும் நானே.)

4-2-2006, சனி

பனி. மாமா "ஒரே ஒரு டீ" என்று நகர்ந்ததில் முதல் மின்வண்டி போயிற்று. மொத்த நிரலும் 35 நிமி. தள்ளல்.

ஆட்டோ மூன்று மாறினோம். ஒன்றிலும் மீட்டர் ஓடவில்லை. மூன்றாமவனிடம் விதியை எடுத்துச் சொன்னேன். "மீட்டர் கீது சார். சாமி படம் மாதிரி. கும்பிட்டுக்க." மாமா சிரித்தார். சிரிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது?

அருங்காட்சியகத்தில் ஒருவன் கல் நந்தியின் முதுகில் குழந்தையை உட்கார்த்திப் படம் எடுத்தான். தடுத்தேன். "நந்திக்கே வலிக்கல, உனுக்கு இன்னா சார் பேஜாரு?" படித்தவன் போலிருந்தான். சட்டைப்பையில் இரண்டு பேனா.

கலங்கரை விளக்கத்தில் மேலே ஏற அனுமதி இல்லை. முன்கூட்டி விசாரிக்காதது என் பிழை.

மெரினா பி.ப. 5.35. சாலையிலிருந்து மணலில் நடக்க 7 நிமி., திரும்ப 7. இதைக் கணக்கில் எடுக்கவில்லை. எஞ்சியது 6. அக்காள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, புடவையைக் கணுக்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிறுபிள்ளை போல வேகமாக முன்னால் போனாள். எச்சரிக்கைப் பலகையைப் பார்த்தேன். அலைக்குப் பத்தடி முன்னே அவளை நிறுத்தினேன். சுனாமி வந்து ஓராண்டுதான் ஆகிறது. அங்கே ஆயிரம் பேர் தண்ணீரில் நின்றிருந்தார்கள், உண்மை. ஆயிரம் பேர் மீறுவதால் ஒரு விதி இல்லாமல் போய்விடாது.

அக்காள் புடவையை இறக்கிவிட்டாள். மாமா மிளகாய் பஜ்ஜி, இரண்டு தட்டு.

வண்டியில் நிரலின் 14-ஆம் எண்ணுக்கு எதிரே சரிக்குறி இட்டேன். அக்காள் சன்னல் பக்கமே திரும்பியிருந்தாள், அத்திப்பட்டு அனல்மின் நிலைய விளக்குகள் தாண்டியும்.

நடந்ததைக் கேட்டுவிட்டு வீட்டில் என் மனைவி பத்மா சொன்னாள்: "போர்டுல குளிக்கக் கூடாதுன்னுதாங்க இருக்கும். கால் நனைக்கறதுக்கு என்ன?"

இருபத்து மூன்று ஆண்டுகளாகப் பாதுகாப்பு அலுவலராக இருப்பவனுக்கு, அடுப்படியிலிருந்து விதி விளக்கம்! பலகையின் வாசகத்தை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன். 'குளிப்பது ஆபத்தானது.' அவ்வளவுதான். அவள் சொல்வது சரி. அதனால் எரிச்சல் இரட்டிப்பு.

நிரலில் இட்ட சரிக்குறியை அடித்து நீக்கினேன்.

5-2-2006, ஞாயிறு

வானம் தெளிவு. காற்று மிதம். நிரலில் இல்லாத பயணம்: பழவேற்காடு. ஏரியைப் படகில் கடந்து மணல்மேட்டை ஏறினால் கடல். பத்மா மூட்டை கட்ட வீட்டில் இருந்துகொண்டாள். பொன்னேரி வழியாகப் பேருந்து, மு.ப. 10.15-க்குப் படகுத்துறை. பி.ப. 3.30-க்குள் துறையிலிருந்து கிளம்பியாக வேண்டும். தவறினால் இரவுப் பேருந்து போய்விடும்.

துறையில் நான்கு படகுகள். எல்லாவற்றையும் பார்வையிட்டேன். மூன்றாவதில் பலகை உறுதி, கசிவு இல்லை. உரிமையாளர் உள்ளேயே உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். ஏற்ற மறுத்துவிட்டார்.

"இன்னிக்கு முறை தேசப்பனுது சார். நான் ஏத்தக் கூடாது."

"அவர் எங்கே?"

"மச்சான் ஊட்ல காது குத்து. பொன்னேரி போய்க்கீறான். வந்துருவான்."

உரியவர் இல்லை, இருப்பவர் ஏற்றமாட்டார். இது என்ன நிர்வாகம்? கரையில் கடை வைத்திருக்கும் பாயிடம் முறையிட்டேன். பெரியவர், பொறுமையாகச் சொன்னார்: "ஏரியில மீன் பிடிக்கவே இவங்களுக்கு முறை உண்டுங்க. இந்த எடம் இன்னைக்கு யாருக்குன்னு சீட்டு போட்டு எடுப்பாங்க. படகுக்கும் அப்படித்தான். அவன் இல்லாதப்ப அவன் சோத்துல இவன் கை வைக்கமாட்டான். உக்காருங்க."

வலை பின்னுபவரிடம் மீண்டும் போனேன். இந்த விதி எங்காவது எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா?

"எழுதி வெச்சாதான் சார் மீறுவாங்கோ."

மூன்று மணி நேரம்! வெயில். தொலைவில் பூநாரைகள். எண்ண முயன்றேன், முடியவில்லை. இதற்கிடையில் ஆவடியிலிருந்து ஒரு குடும்பம், நான்கு பேர், வந்து எங்களோடு காத்திருந்தது. படகில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றினால் என்ன ஆகும் என்பதை அவர்களுக்கும் கரையில் இருந்தோருக்கும் விரிவாக எடுத்துச் சொன்னேன். அக்காள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அக்கரையைப் பார்த்தபடியே இருந்தாள். "நேரமாயிட்டா உட்டுடலாம் தம்பி," என்றாள். இரண்டு முறை.

பி.ப. 1.20. தேசப்பன் வந்தார், நெற்றியில் சந்தனத்தோடு. மிதவை எங்கே என்று கேட்டேன். லாரி டியூப் ஒன்றைக் காட்டினார். அழுத்திப் பார்த்தேன். காற்று போதுமானது. ஆவடிக் குடும்பம் ஏறியது, மாமா ஏறினார், அக்காள் ஏறினாள். நான் காலைத் தூக்கினேன்.

"ஆறு பேருதான் சார். நீங்க ஏழு."

ஒருவர் கூடினால் பாதகமில்லை என்றேன். நான் சொன்னேன்! வலை பின்னுபவர் தலை நிமிராமல் சொன்னார்: "காத்தாலேர்ந்து ஏத்தாதே ஏத்தாதேன்னு கத்திக்கினு இருந்தது சார்தானே?" பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்கியது.

விதி சரியானது. வாதம் செய்ய இடமே இல்லை. இவ்வளவு கோபம் எனக்கு அண்மையில் வந்ததில்லை.

அக்காள் செருப்பைக் கழற்றிக் கரையில் என்னிடம் நீட்டினாள். "பாத்துக்க." படகு போயிற்று. ஒன்றரை மணி நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தேன். கீழே வைக்கலாம் என்பது தோன்றவில்லை.

3.05-க்குத் திரும்பினார்கள். அக்காளின் புடவை முழங்கால் வரை ஈரம், மணல். மாமா இறங்கும்போதே தொடங்கினார்: "மாப்ள, உங்கக்கா தண்ணிக்குள்ள நின்னுகிட்டு, 'சேகரு, சாப்ட்டியாடா'ன்னு கத்தறா! அந்த ஆவடிக்காரங்கல்லாம் பாக்கறாங்க!"

"நீங்க சும்மா இருங்க," என்றாள் அக்காள். பிறகு என்னிடம், செருப்பை வாங்கிக்கொண்டு: "நீயும் வந்திருக்கலாம்டா."

பேருந்து கிடைத்தது. 

6-2-2006, திங்கள்

பனி குறைவு. ஆலையில் பாதுகாப்புச் சோதனை. தலைக்கவசம் இல்லாமல் இருவர். எச்சரிக்கைக் கடிதம் எழுத உட்கார்ந்து, வாசகத்தை மூன்று முறை மாற்றினேன். எது தடை, எது தடையில்லை என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

தேசப்பனுக்கு நன்றி சொல்லவில்லை. குறித்துக்கொள்ள.

கும்மிடிப்பூண்டிக்கு வந்து ஒன்பது ஆண்டுகள். நானும் இதுவரை கடலில் கால் வைத்ததில்லை. இன்றுதான் கணக்கிட்டேன்.

7-2-2006, செவ்வாய்

மேகமூட்டம். அக்காள் அரூரிலிருந்து தொலைபேசியில். நல்லபடியாகச் சேர்ந்தார்களாம். நேற்று மாலை சேகர் ஏதோ துறைமுகத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறான். அவனிடம் சொன்னதை எனக்கு அப்படியே ஒப்பித்தாள்: "உங்க மாமன்தான்டா கடலுக்குக் கூட்டிட்டுப் போனான். கையப் புடிச்சு எறக்கி வுட்டான். அவனும் பக்கத்துலயே நின்னான், முழங்கால் தண்ணியில."

மூன்றும் உண்மைக்குப் புறம்பானவை.

திருத்தவில்லை.