எந்தத் துறையில் இறங்கினாய்?

திருச்சி
2-7-1958

என் அருமை அப்பாவுக்கு வேலம்மாள் வணக்கம்.

கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, அப்பா! முதலில் வரலாற்றில் போட்டார்கள். நான் அழுத அழுகையில் விலங்கியல் துறைக்கு மாற்றிவிட்டார்கள். துறைத் தலைவர் ராசப்பன் கண்டிப்பானவர். "துறைக்கு வந்துட்டா மூணு வருஷமும் முழு மனசா இருக்கணும்மா" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அம்மாவின் பொரிவிளங்காய் உருண்டை ஒன்றுதான் குறை.

உங்கள் மகள்
வேலம்மாள்

அன்பில்
6-7-1958

மகள் வேலம்மாள் நலமாயிருக்க அப்பா எழுதுவது.

உன் கடிதத்தைக் கேட்டதிலிருந்து அம்மா சாப்பிடவில்லை. நம் கொள்ளிடத்திலேயே ஆம்பளைத் துறை, பொம்பளைத் துறை, மாடு குளிப்பாட்டும் துறை என்று தனித்தனியாக இருக்கிறது. படிக்கப்போன பெண் மாட்டுத் துறையில் ஏன் இறங்க வேண்டும்? அங்கே ஓர் ஆம்பளை தலைவரா? அதுவும் மூன்று வருஷம்! அடைக்கலம் மாமா லால்குடி வரன் ஒன்று சொல்கிறார். வரும் ஞாயிறு அழைத்துப்போக வருகிறேன். பெட்டியைக் கட்டி வை.

அழகிரி

திருச்சி
9-7-1958

அப்பா,

ஹாஸ்டலே சிரிக்கிறது. எனக்கு மட்டும் சிரிப்போடு அழுகையும் வந்தது. அது குளிக்கிற துறை இல்லை, அப்பா! டிபார்ட்மெண்டைத்தான் எங்கள் தமிழ் டீச்சர் அமலராணி அப்படிச் சொல்லச் சொல்கிறார்.

சென்னையில் இருக்கிற பல்கலைக்கழகத்தை ஆறு என்று வையுங்கள். பாடம் வகுப்பது, பரீட்சை வைப்பது, பட்டம் தருவது எல்லாம் அதுதான். கலை, அறிவியல், சட்டம் என்று அதில் பெரிய வாய்க்கால்கள் பிரியும். எங்கள் கல்லூரி அந்தப் பாசனத்தில் ஒரு ஊர். ஊருக்குள் கணக்குக்கு ஒரு துறை, வரலாற்றுக்கு ஒரு துறை. ஒவ்வொன்றுக்கும் தனி ஆசிரியர்கள், ஒரு தலைவர். எல்லோருக்கும் மேலே பிரின்சிபால்.

விலங்கியல் என்றால் உயிர்களைப் பற்றிய படிப்பு. நம் மயிலைப் பசு ஏன் அசைபோடுகிறது என்பதெல்லாம் அதில் வரும்! வரன் வேண்டாம், அப்பா. நான் படிக்க வேண்டும். பெட்டியைக் கட்டவில்லை.

வேலம்மாள்

அன்பில்
14-7-1958

என் கண்ணுக்கு,

நேற்று உன்னை அழைக்க வரவில்லை. லால்குடிக்காரர்கள் இங்கே வந்திருந்தார்கள். "வயசுப் பொண்ணு, சீக்கிரம் கரையேத்திடுங்க" என்று உபதேசம். "இப்பத்தாங்க துறையில எறங்கியிருக்கா, நல்லா நீந்தட்டும்"னுட்டேன். அடைக்கலம் மாமா காப்பியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அம்மா உருண்டை பிடித்துக்கொண்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை கொண்டுவருகிறேன். அந்த ராசப்பன் வாத்தியாருக்கும் நாலு கட்டச் சொல்லியிருக்கிறேன்.

அப்பா